ஐந்து நிமிடம் என்பது எத்தனை நிமிடம்?

பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கடைக்குப் போய் வரலாமா என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திண்ணையில் ஒரு பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். எதிர் வீட்டு அம்மாள் அரிசி புடைத்தபடியே நம் வாசலையும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை சற்று உரக்க அழுதால் தெருவில் நான்கு பேர் எட்டிப் பார்ப்பார்கள். தலைநகருக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் இது ஒரு கேள்வியாகவே ஆகிறது.

மயூர் விஹார், துவாரகா, ஜனக்புரி, ஆர்.கே.புரம் என்று நம்மவர்கள் குடியிருக்கும் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளி வேன் மதியம் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிறது. பாட்டி தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார். டிசம்பர் குளிர் தலைகாட்டியதும் அதே வண்டியில் ஊருக்குத் திரும்பிவிடுகிறார். இடைப்பட்ட நாட்களில் பால் வாங்க, மருந்து வாங்க, ஏ.டி.எம். வரை போக யாராவது வெளியே போய்த்தானே ஆகவேண்டும்?

மயூர் விஹாரில் இருக்கும் என் மகளும் ஒரு நாள் கேட்டாள். "அப்பா, பையனுக்குத்தான் எட்டு வயசு முடிஞ்சிருச்சே. அஞ்சே நிமிஷம், கீழே போய்ப் பாலும் காயும் வாங்கிட்டு வந்திடறேன். தனியா இருக்க மாட்டானா?" நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன்: "எந்த அஞ்சு நிமிஷம்மா? கடியாரத்து அஞ்சு நிமிஷமா, தில்லி அஞ்சு நிமிஷமா?"

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். 35 ஆண்டுகளுக்கு மேல் சிக்னல் பிரிவிலேயே கழிந்தது. எங்கள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. பழைய கைகாட்டி மரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கேபினிலிருந்து கம்பியை இழுத்தால் கை கீழே சாயும், வண்டி போகலாம். அந்தக் கம்பி அறுந்துவிட்டால்? கை தானாகவே படுக்கைவாட்டத்துக்கு வந்து நின்றுவிடும். அதற்காகவே அங்கே ஓர் எடை பொருத்தப்பட்டிருக்கும். படுக்கைவாட்டம் என்றால் அபாயம், வண்டி நிற்க வேண்டும். தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடவிட்டு வண்டி இருக்கிறதா இல்லையா என்று அறியும் ஏற்பாட்டிலும் இதே தத்துவம்தான். ஒயர் அறுந்தாலோ பேட்டரி இறந்தாலோ ரிலே விழும், சிவப்பு எரியும். வண்டி தாமதமாகும், பயணிகள் எங்களைத் திட்டுவார்கள். ஆனால் யாரும் சாக மாட்டார்கள். கம்பி அறுக்கவே அறுக்காது என்று எந்த இன்ஜினீயரும் கையெழுத்துப் போட மாட்டான். அறுந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் அவன் பார்ப்பான்.

பிள்ளையைத் தனியே விடும் விஷயத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் "ஒன்றும் ஆகாது" என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை உண்மையிலேயே ஒன்றும் ஆகாதுதான். அதனால்தான் பழகிப்போகிறது. ஏதாவது ஆனால், ஒரு பெரியவரின் கை அந்தப் பிள்ளையை எட்ட எத்தனை நிமிடம் என்பதே என் கணக்கு. அம்மா கீழ்க் கடையில் நிற்கிறாளா, மெட்ரோவில் இருக்கிறாளா என்பது அந்தக் கணக்கில் பாதி. மீதிப் பாதி கதவு.

கிஷன்கஞ்ச் ரயில்வே காலனியில் நாங்கள் இருந்த நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வரிசையில் ஓர் இளம் தம்பதி. மனைவி பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள். கணவர், ஆறு வயதுப் பையனை உள்ளே விட்டு, வெளியே பூட்டுப் போட்டுக்கொண்டு மதர் டெய்ரி பூத்துக்குப் பால் வாங்கப் போனார். டோக்கன் போட்டுத் தூக்கில் பால் பிடித்து வர ஐந்து நிமிடம்தான் ஆகும். அன்று பூத்தில் பால் தீர்ந்திருந்தது. அடுத்த பூத் லெவல் கிராசிங்குக்கு அந்தப் பக்கம். போனவர் திரும்புவதற்குள் கேட் மூடிவிட்டார்கள். ஒரு சரக்கு வண்டி, அதன் பின்னால் ஒரு பாசஞ்சர், பிறகு எதிர்த்திசையில் இன்னொன்று. கேட்டை ஏன் திறக்க முடியாது என்பது மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும், அவரும் ரயில்வேக்காரர்தானே. இங்கே வீட்டில் குளிர்காலத்து ஈரத்துணி ஒன்று ஹீட்டர் மேல் விழுந்து புகையத் தொடங்கியது. பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நாங்கள் எட்டுப் பேர் வெளியே நிற்கிறோம், சாவி கேட்டுக்கு அப்பால் இருக்கிறது. நல்லவேளை, பக்கத்து வீட்டு சர்தார்ஜியிடம் பெரிய சுத்தியல் இருந்தது. பூட்டை உடைத்துப் பையனைத் தூக்கினோம். இருமிக்கொண்டே, "அப்பா பால் வாங்கப் போயிருக்கார்" என்றான். ஐந்து நிமிடம் அன்றைக்கு நாற்பத்தைந்து நிமிடம்.

அந்தத் தகப்பனார் அக்கறையில்லாதவர் அல்லர். திருடன் வரக்கூடாது, பையன் தெருவுக்கு ஓடிவிடக்கூடாது என்ற அக்கறையில்தான் பூட்டினார். ஆனால் வெளியே போட்ட பூட்டு, கம்பி அறுந்தால் பச்சை காட்டும் சிக்னலுக்குச் சமம். தில்லிக்காரர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997 ஜூன் 13 அன்று கிரீன் பார்க்கில் உப்ஹார் திரையரங்கில், கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மேலே ஏறியது. பால்கனியிலிருந்து வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததால் 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மாண்டது நெருப்பால் அல்ல, புகையால். பெரியவர்களுக்கே கதி அதுவென்றால் ஆறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே என் அபிப்பிராயம் இது. உள்ளிருந்து தானாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறத் தெரியாத பிள்ளையைத் தனியே விடக்கூடாது, ஐந்து நிமிடமும் கூடாது. திறக்கத் தெரிந்த பிள்ளையை வெளியே பூட்டிவிட்டுப் போகக்கூடாது. "திறக்கத் தெரிந்தால் யாருக்கு வேண்டுமானாலும் திறந்துவிடுவானே" என்பீர்கள். உண்மைதான். மணி அடித்தால் திறக்காமல் இருக்கவும், புகை வந்தால் திறந்துகொண்டு ஓடவும், இரண்டும் தெரிந்தவனைத்தான் தனியே விடலாம். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருவர் பொட்டலத்தோடு வந்து மணி அடிக்கிறார். பிள்ளை தனியே இருக்கும் நேரத்தில் எதையும் வரவழைக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளில் பல தில்லிக்கே உரியவை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு அவை கண்ணில் படுவதில்லை. முதலில் அந்த இம்மர்ஷன் ராடு. வாளித் தண்ணீருக்குள் மின்சாரக் கம்பியைத் தொங்கவிட்டுச் சூடு பண்ணும் இந்த வழக்கம் சென்னையில் பிறந்து வளர்ந்தவனுக்கு விசித்திரமாகத் தோன்றும். குளியலறையில் அதைப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போகிறவர்களை நான் அறிவேன். பிள்ளை தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரல் வைத்துப் பார்த்தால் முடிந்தது. கோடையில் தகரக் கூலர். பம்பின் ஒயர் ஈரத்தில் கசிந்து கூலரின் உடம்பு முழுவதும் மின்சாரம் பாய்ந்திருக்கும், பார்த்தால் தெரியாது. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி. (இ.எல்.சி.பி. என்று நாங்கள் பழகிய சாதனத்தின் இப்போதைய வடிவம்) இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், மனிதனை ஆர்.சி.சி.பி.தான் காப்பாற்றும். வாடகை வீடானாலும் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரர் ஆட்சேபிக்க மாட்டார்.

குளிர்கால அங்கீட்டி, அதாவது கரி அடுப்பு, மூடிய அறையில் எவர் இருந்தாலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. சமையல் வாயுவுக்காவது மணம் சேர்த்து அனுப்புகிறார்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். குழாயில் வரும் வாயு லேசானது, மேலே போகும். எதுவானாலும் வெளியே கிளம்புமுன் ரெகுலேட்டரையோ குழாய் வால்வையோ மூடிவிட்டால் ஒரு பெரிய கவலை விட்டது. பால்கனியில் கிடக்கும் மூங்கில் மோடாவை உள்ளே எடுத்துப் போடுவது இன்னொன்று. கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமானாலும், மோடா மேல் ஏறினால் அது பிள்ளையின் இடுப்பளவுதான். ஆர்.கே.புரம் பக்கத்தில் குரங்கு வேறு. பால்கனிக் கதவு திறந்திருந்தால் பிள்ளைக்கு முன்னால் அது பிரிட்ஜைத் திறக்கும்!

டெலிபோன் விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. எம்.டி.என்.எல். கறுப்புப் பெட்டி சுவரோரம் இருந்த காலத்தில், பிள்ளை தனியே இருந்தாலும் வீட்டில் போன் இருந்தது. இன்று அப்பாவும் அம்மாவும் தத்தம் கைபேசியோடு வெளியே போய்விட்டால், வீட்டில் பேசுவதற்கு ஒரு கருவியும் இல்லை. ஒரு பழைய போனில் சிம் போட்டு, சார்ஜ் செய்து, பூட்டெழுத்து எதுவும் இல்லாமல் மேஜை மேல் வையுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எதற்கும் 112. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. என் பேரனுக்கு எண்களைச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. வீட்டு விலாசத்தை இந்தியில் தடுமாறாமல் சொல்ல வைக்கத்தான் பத்து நாள் ஆயிற்று. பாக்கெட் நம்பர், பிளாக், மாடி, அருகில் உள்ள மெட்ரோ ஸ்டேஷன் என்று தில்லி விலாசம் ஒரு பாசுரம் போல நீளம்.

காமிரா வைத்திருக்கிறோமே, அலுவலகத்திலிருந்தே பார்க்கிறோமே என்பார்கள். பார்ப்பது வேறு, எட்டுவது வேறு. நொய்டாவில் உட்கார்ந்து துவாரகாவில் பிள்ளை விழுவதைப் பார்க்கலாம், தூக்க முடியாது. அதற்குப் பக்கத்து வீட்டில் ஒரு சாவி வேண்டும். அந்த ஒரு சாவி, காமிராக்கள் எல்லாவற்றையும்விடப் பெரிது என்பேன். நம்மவர்களில் சிலர் பத்தாண்டு எதிரெதிர் வீட்டில் இருந்தும் பஞ்சாபிக் குடும்பத்தின் பெயரைக்கூட அறியாமல் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் போதும், அவர்கள் வீட்டு பீஜி நம் பிள்ளைக்கும் பாட்டியாகிவிடுவார்.

"அக்கா இருக்கிறாளே, தம்பியைப் பார்த்துக்கொள்வாள்" என்ற பேச்சு எனக்குச் சம்மதமில்லை. எட்டு வயதுப் பெண் தன்னைக் காத்துக்கொள்வாள். மூன்று வயதுத் தம்பியோடு சேர்த்து விட்டால் அவள் தனியே இருப்பதைவிட ஆபத்து அதிகம். கதவைத் திறந்துகொண்டு ஓட வேண்டிய நேரத்தில் தம்பியைத் தேடி உள்ளே போவாள். பெண்பிள்ளை என்பதாலேயே அந்தப் பாரம் அவள் தலையில் ஏறுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு இந்தி தெரியாது, கால் வலி, காதும் மந்தம் என்றால், அங்கே பாட்டி பேரனைப் பார்த்துக்கொள்கிறாளா, பேரன் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறானா என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: இத்தனை வயதுக்குக் கீழே தனியே விடக்கூடாது என்று நம் நாட்டில் எண் எதுவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 93-ஆம் பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை அடியோடு கைவிடும் எண்ணத்தோடு விட்டுப் போவதைத்தான் தண்டிக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ளவர் வேண்டுமென்றே அசட்டை செய்து பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. பால் வாங்கப் போன தாயை மனதில் வைத்து எழுதியவை அல்ல இவை. வெளிநாட்டில் மகன் மகள் வீட்டுக்குப் போகும் தாத்தா பாட்டிகள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் 14 வயதுக்குக் கீழே தகுந்த கண்காணிப்பு இல்லாமல் விடுவது குற்றம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மேரிலாண்டில் 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு குறைந்தது 13 வயதான நம்பகமான ஒருவர் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் வயது எதுவும் சட்டத்தில் இல்லை.

இதுவரை எழுதியதெல்லாம் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு. கதவும், பால்கனியும், போனும் உள்ளவர்களுக்கு. நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் சமைத்துத் தரும் தமிழ்ப் பெண்களும் தில்லித் தமிழர்கள்தான். அவர்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்?

நான் குடியிருப்பது ஜங்புராவில். நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, பாராபுல்லா நாலா ஓரத்தில் மதராஸி கேம்ப் இருந்தது. ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அரை நூற்றாண்டாகக் குடியிருந்த குடிசைப் பகுதி. சுமார் 370 வீடுகள். நாலாவைத் தூர்வாருவதற்காக, தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1 அன்று அதை இடித்தார்கள். பாதிக்குச் சற்று அதிகமான குடும்பங்களுக்கே நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்பட்டது. நரேலா தில்லியின் வட கோடி. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நாலா ஓரம் வாழத் தகுந்த இடமா, வெள்ளம் வராதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. என் கணக்கு அந்த நிமிடக் கணக்கு மட்டும்.

எங்கள் வீட்டில் 12 ஆண்டுகளாக வேலை செய்யும் அம்மாவுக்கு ஒன்பது வயதில் ஒரு பையன். கேம்பில் இருந்தவரை அவன் லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்தான். விடுமுறை நாளில் வீட்டில் இருப்பான். குடிசைக்குக் கதவு இருந்தது, பூட்டு இல்லை. இரு பக்கமும் சொந்த ஊர்க்காரர்கள். ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் இவர் ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். நடந்தால் ஏழு நிமிடம். அங்கே மின்சார ஒயர்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன, அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் இருந்தன. எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் அந்த வீட்டுக்குச் சான்றிதழ் கொடுக்க மாட்டார். இருந்தாலும் ஒரு பெரியவரின் கை எட்ட அரை நிமிடம்கூட ஆகாது.

நரேலாவில் சிமெண்டுக் கூரை, தனிக் கழிவறை, உறுதியான கதவு. பக்கத்துக் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியவில்லை. வேலையோ ஜங்புராவிலேயே இருக்கிறது. பஸ் மாறி வர ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். தாய் அதே தாய், பிள்ளை அதே பிள்ளை. ஏழு நிமிடம் நூற்றிருபது நிமிடமாகிவிட்டது, அவ்வளவுதான். "அங்க பயமில்லாம விட்டுட்டு வருவேன் சார். இங்க கதவைச் சாத்தும்போதே வயித்தைப் பிசையுது" என்றார்.

வேலைக்கு வரும் தாயின் பிள்ளை எங்கே இருக்கும் என்று இந்த நகரத்தில் முதலில் கேட்டவர்களில் மீரா மகாதேவன் அம்மையாரைச் சொல்ல வேண்டும். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்தபோது, சித்தாள் பெண்களின் குழந்தைகள் மண்ணிலும் செங்கல்லிலும் கிடப்பதைப் பார்த்து, அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். மொபைல் கிரெஷ் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. வேலை இடம் மாறினால் காப்பகமும் கூடவே நகரும். பிறகு சட்டங்கள் வந்தன. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேறு சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்த வீட்டில் 50 வேலைக்காரப் பெண்கள் இருக்கிறார்கள்? ஒருத்தி நான்கு வீட்டில் வேலை செய்கிறாள். நான்கு வீட்டுக்கும் அவள் அரை ஆள், கால் ஆள். அவள் பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பள்ளி நாட்களில் இந்த அம்மா பையனையும் விடியற்காலை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறார். பள்ளியை மாற்ற மனமில்லை. விடுமுறை நாட்களில் என்ன செய்வது என்று என் மனைவிதான் கேட்டாள். "அவனையும் கூட்டிட்டு வாம்மா, இங்க உட்கார்ந்து படிக்கட்டும்." அந்த அம்மா உடனே தலையாட்டவில்லை. இன்னொரு வீட்டில் அப்படிக் கூட்டி வந்ததற்கு முகம் சுளித்தார்களாம். அந்த வீட்டுக்காரரிடம் நானே போய்ப் பேசினேன்; மனசு மாறவில்லை. ஆகவே அவன் முழு நாளும் எங்கள் முன்னறையில்தான். கணக்கில் கெட்டி, தமிழ் எழுத்து அழகு, என் பேரனுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்துவிட்டான்.

காலையும் மாலையும் இரு வேளை வந்துகொண்டிருந்தவர் இப்போது ஒரே வேளையில் முடித்துக்கொண்டு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறார். சம்பளத்தில் ஒரு பைசா குறைக்கக்கூடாது என்று மனைவியின் உத்தரவு. மாலைப் பாத்திரங்களை நான் தேய்க்கிறேன். குக்கர் மூடியின் இடுக்கில் ஒட்டிய பருப்பு மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.